எண்ணெய்த் தலையோடு திரும்பினேன்

அக்கா,

நேற்றுத் தேய்த்த நல்லெண்ணெய் இன்னும் என் தலையில்தான் இருக்கிறது. தலையணையெல்லாம் அதே வாசம். குற்றாலத்துக்குப் போயும் நனையாமல், எண்ணெய்த் தலையோடு வீடு வந்து சேர்ந்தவள் இந்த ஆழ்வார்குறிச்சியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தப் பெருமை உன்னால் வந்தது. செத்துப்போனவளிடம் என்ன கோபம் என்று கேட்பாய். இருக்கிறது, அக்கா. நிறையவே இருக்கிறது.

நம் ஊருக்கு ரயில் வந்த புதிது. அதுவரை சாரல் காலத்தில் ஆண்கள் மட்டும் வண்டி கட்டிக்கொண்டு போய்வருவார்கள். "இனிமே பொம்பளையளும் போவோம்" என்று அத்தையே சொன்னாள். நம் மாமியார் வாயிலிருந்து அப்படி ஒரு நல்ல சொல்! கூடவே ஒரு முடிச்சும் போட்டாள். வீட்டுச் சாமி விளக்கை ஏற்ற மருமகள் ஒருத்தி இருந்தாக வேண்டும். நாம் இருவரும் அடுக்களையில் நின்று பேசி முடித்தோம். "ஏளா, இந்த வருஷம் நான் போயிட்டு வாரேன். அடுத்த வருஷம் நீ போ. என் கண்ணாண!" என்றாய்.

நம்பினேன். புளிக்காய்ச்சல் கிண்டி, வாழையிலையை அனலில் வாட்டி, கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தேன். மூன்று நாள் கழித்து வந்தாய். "தலையில மொத்துமொத்துன்னு மொத்தும்ட்டி. ஆனா வலிக்காது. எல்லாக் கவலையும் எங்கனயோ போயிரும்" என்று சொல்லிக்கொண்டே, செம்பில் பிடித்துவந்த அருவித் தண்ணீரை என் உச்சியில் ஊற்றினாய். "அடுத்த வருஷம் நீயே போயி நில்லு" என்றாய். அந்த வருஷம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு மாவாட்டினேன்.

என் முறை வந்தது. சேலையெல்லாம் மடித்து வைத்துவிட்டேன். ஸ்டேஷனுக்கு வண்டி பூட்டிய நேரத்தில் அத்தை, "நீ எங்க கிளம்புத? அருவிச் சத்தம் கேட்டாலே தலை சுத்தும்னு மூத்தவகிட்ட அழுதியாமே! அங்கன உன்னை யாரு பிடிச்சுக்கிட்டு நிக்கது?" என்றாள்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ கட்டுச்சோற்றுப் பாத்திரத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மாட்டைப் பார்த்தாய். ஆண்கள் நிற்கும் வாசலில் வைத்து மூத்தவளைப் பொய்க்காரி என்று சொல்ல இளையவளுக்கு வாய் ஏது? உள்ளே போய் விளக்குத் திரியைத் திரித்தேன்.

அந்த மூன்று நாள்தான் வருஷத்தில் உனக்கு அடுப்பில்லாத நாள். அது எனக்குத் தெரியாதா? எனக்கும் அதே அடுப்புதானே, அக்கா!

ஒரு தடவை சொன்ன பொய் அப்படியே நிலைத்துவிட்டது. "அவளுக்கு அருவின்னா பயம்லா" என்று என் வீட்டுக்காரரே ஊரெல்லாம் சொன்னார். நீ வருஷம் தவறாமல் போனாய். வருஷம் தவறாமல் செம்புத் தண்ணீரும் கொண்டுவந்தாய். அதற்கும் நான் தலையைக் குனிந்து காட்டினேன்.

உன் வருஷத் திவசம் முடிந்த கையோடு சாரல் பிடித்தது. "சித்தி, நீங்களும் வாங்க" என்றான் உன் மகன். விளக்கு என்றேன். விளக்கேற்றிவிடும்படி பக்கத்து வீட்டுச் சிவகாமியிடம் ஒரு வார்த்தை சொன்னான். அவ்வளவுதான். ஒரு வார்த்தை! அத்தைதான் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாயிற்றே. அந்த ஒரு வார்த்தையை நீ என்றைக்காவது சொல்லியிருக்கக் கூடாதா?

தென்காசியில் இறங்கி, வண்டி பிடித்து, தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு அருவிக்கரைக்குப் போனேன். பெண்கள் கூட்டம் கூச்சலும் சிரிப்புமாக நின்றது. நாலு எட்டு வைத்தால் தண்ணீர். சத்தம் காதில் விழுந்ததும் என் கால் நின்றுவிட்டது. தலை சுற்றியது, அக்கா. நிஜமாகவே சுற்றியது. உன் மருமகள் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். "அத்தை அப்பவே சொல்லுவாகளே, சித்திக்கு அருவின்னா ஆகாதுன்னு" என்று உன்னைச் சொல்லிக் கரையில் உட்கார வைத்தாள். பாவம், ஒரு செம்புத் தண்ணீரும் பிடித்து வந்தாள். வேண்டவே வேண்டாம் என்று கத்திவிட்டேன்.

அடுத்த சாரலுக்கும் போவேன். கால் நகர்கிறதோ இல்லையோ, போவேன். உன் சேலை, உன் செம்பு, உன் சாவிக்கொத்து எல்லாவற்றையும் உன் மருமகளுக்கு விட்டுப் போனாய். அந்தப் பொய்யை மட்டும் ஏன் என் காலில் விட்டுப் போனாய், அக்கா?