மூன்றாவது டப்பாவின் கவர்

அக்கா,

இன்று காலை கலெக்டர் ஆபீஸ் பக்கத்துச் செராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் வந்த ஒரு பெண்ணுக்குப் போட்டோ அடித்துக்கொண்டிருந்தார்கள். பளபளப்பான தாள் பிரின்டரிலிருந்து ஈரத்தோடு வெளியே வந்தது. அந்த மை வாசனை மூக்கில் ஏறியதும், "தொடாதீங்க, காயணும்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வந்த வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரை சும்மா நடந்தேன். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு மாதமாகத் தள்ளிப்போடுகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் அது எனக்கு வாயில் வரும்.

நான் பிரின்டர் வாங்கி வந்த அன்று நீ மாடியிலிருந்து இறங்கி வந்து, "இன்னாடா இது, ஃபேக்டரி வேலை பத்தலியா உனக்கு?" என்றாய். மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் எனக்கு ஸ்டோர் வேலை. சீசன் முடிந்துவிட்டால் பாதி நாள் சும்மாதான். திருப்பதியில் கல்யாண வீடியோ எடுக்கிற என் சிநேகிதன், டிவிடி டப்பாக்களுக்கு கவர் போட்டுத்தர ஆள் தேடினான். வீட்டிலேயே செய்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். நைனா கட்டிய வீட்டில் கீழே நான், மேலே நீ. உன் வீட்டுக்காரர் குவைத்தில். நீ ஜாக்கெட் தைத்துக்கொண்டே ஹேமாவைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தாய்.

முதல் நாள் அடித்த கவர் எல்லாமே வீண். டப்பாவின் மேலிருக்கும் பிளாஸ்டிக்குள் நுழைத்தால் இரண்டு பக்கமும் இடைவெளி. டப்பாவின் நடுமுதுகில் வரவேண்டிய மணமக்கள் பெயர் ஒருபுறம் நகர்ந்து, மணப்பெண்ணின் காது மடிப்பில் மாட்டிக்கொண்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீதான் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்தாய்.

"இருபத்தேழு சென்டிக்கு மேல இருக்கணும்னு சொன்னே. இது இருபத்தாறரைதான் இருக்குது. துணின்னா தண்ணில போட்டா சுருங்கும். காகிதம் எதுக்குடா சுருங்குது?"

சுருக்கியது பிரின்டர்தான். தாளுக்குள் அடங்க வேண்டும் என்று படத்தைத் தானாகவே குறைத்திருந்தது. உள்ள அளவிலேயே அடிக்கச் சொல்லி ஓர் இடத்தில் மாற்றினேன், சரியாகிவிட்டது. அன்றிலிருந்து நீயும் கூட்டாளி. மை தீர்ந்த ரீஃபிலை ஸ்கேல் ஓரமாக அழுத்தி இழுத்தால் மடிப்பு வெடிக்காமல் விழும் என்று கண்டுபிடித்தது நீ. வெட்டுவதற்கு மட்டும் தனிக் கத்திரி வேண்டும் என்று பிடிவாதம். "துணி வெட்டுற கத்திரிய காகிதத்துல வெச்சே, கைய ஒடிச்சிடுவேன்" என்பாய்.

தெலுங்கு எழுத்துப் பார்ப்பதும் நீதான். நைனா உன்னைத் தெலுங்கு மீடியத்திலும் என்னைத் தமிழ் மீடியத்திலும் சேர்த்திருந்தார். ஒருமுறை பலமனேர்க் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளை பெயரில் நான் ஓர் எழுத்தை விட்டிருந்தேன். காய்ந்துகொண்டிருந்த கவர்களைப் பார்த்ததுமே பிடித்துவிட்டாய். "வாயால தப்பா கூப்டா திருத்திக்கலாம். அச்சுல வந்துட்டா அதுதான் அவன் பேருன்னு ஆயிடும். பாத்து போடுடா." எல்லாவற்றையும் மறுபடி அடித்தோம்.

அப்புறம் உன் தலைவலி வந்தது. திருப்பதியில் ஸ்கேன் எடுத்தோம். டிஸ்க்கை மெல்லிய வெள்ளைக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார்கள். அதை நீ கைப்பையில் சாவிக்கொத்தோடும் சீப்போடும் போட்டுக்கொண்டு வந்தாய். வேலூரில் டாக்டர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார், திறக்கவில்லை. துடைத்துப் போட்டார், அப்போதும் திறக்கவில்லை. அடியெல்லாம் கீறல். மறுபடியும் அந்த இரும்புக் குகைக்குள் நீ அரைமணி நேரம் அசையாமல் படுக்கவேண்டியதாயிற்று. வெளியே வந்ததும் நீ சொன்னதைக் கேட்டு நர்ஸ்கூடச் சிரித்துவிட்டாள்.

"எவன் எவன் கல்யாணத்துக்கோ டப்பா போட்டு கவர் போடுறோம். என் மண்டைக்கு ஒரு டப்பா இல்லியா?"

அப்படித்தான் உன் டப்பாக்கள் தொடங்கின. முன்பக்கம் தேதி, ஊர். முதுகில் எண். பின்பக்கம் ஆங்கில ரிப்போர்ட்டின் கடைசி வரிகளை நான் விசாரித்துத் தெரிந்துகொண்டு எளிய தமிழில் போட வேண்டும். தமிழ் ஏன் என்றால், நீ எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவாய். தெலுங்கும் இங்கிலீஷும் மட்டுமே படித்த ஹேமாவுக்குத் தமிழ் படிக்க வராது. "கொழந்தைக்கு எல்லாம் தெரியவேணாம்" என்றாய். மூளைக்கட்டி ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்தது ஒன்றாம் எண். ஆபரேஷனும், ரேடியேஷன் என்று கரண்ட் வைப்பதும் முடிந்து எடுத்தது இரண்டாம் எண். அதன் பின்பக்கம் "கட்டி எடுக்கப்பட்டது, மிச்சம் தெரியவில்லை" என்று போட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரச்சொல்லி வேலூரில் அனுப்பினார்கள்.

மூன்றாவதை வாங்க நான் மட்டும் திருப்பதிக்குப் போனேன். பிப்ரவரி மாதம். ஸ்கேன் சென்டரில் இருந்தவரிடம் கடைசி வரியைக் காட்டிக் கேட்டேன். "பெரிகிந்தி சார்" என்றார். வளர்ந்திருக்கிறது. "ஆலசியம் செய்யாம டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றும் சொன்னார். பஸ் பாகாலா தாண்டும்வரை அந்தத் தாளை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வரும்போது மத்தியானம். ஹேமா மாடிப்படியில் உட்கார்ந்து கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் கிளாஸ் இன்டர் பரிட்சைக்கு இருபது நாள்கூட இல்லை. நீ அவளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாய்.

"இன்னாடா சொன்னாங்க?"

ஹேமாவும் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நல்லா இருக்குதுக்கா. மாத்தம் இல்ல" என்றேன்.

யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை. ஹேமாவின் பரிட்சை முடியட்டும், உன் முகம் இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும் என்று பட்டதும் சொல்லிவிட்டேன். நீ உடனே, "சரி, கவர போட்டுடு" என்றாய். சாப்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அப்போதாவது எழுந்து மேலே வந்திருக்கலாம். பழைய கவரைத் திறந்து, தேதியை மாற்றி, எண்ணை மாற்றி, பின்பக்கம் "மாற்றம் இல்லை" என்று அடித்தேன். எழுத்தைக்கூடக் கொஞ்சம் பெரிதாக வைத்தேன். ரிப்போர்ட்டை ஃபேக்டரி மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன்.

நீ "மாற்... றம்... இல்... லை" என்று கூட்டிப் படித்துவிட்டு, அந்த டப்பாவைத் தையல் மெஷின்மேல், பின்பக்கம் தெரியும்படி நிறுத்திவைத்தாய். மறுநாள் என் எதிரிலேயே வேலூருக்குப் போன் போட்டு, பரிட்சை முடிந்து வருவதாகத் தேதியைத் தள்ளிவிட்டாய். "போயிட்டு வந்துடலாம்க்கா" என்று மட்டும் சொன்னேன். "மாத்தம் இல்லன்னு நீதானடா போட்டே? இப்ப போயி நான் ரெண்டு நாள் அங்க உக்காந்தா பொண்ணுக்கு யாரு ஆக்கிப் போடுறது?" என்றாய்.

ஐந்து வாரம் நீ சந்தோஷமாக இருந்தாய், அக்கா. அதைத்தான் என்னால் இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தைத்தாய், ஹேமாவுக்கு விதவிதமாகச் சமைத்தாய். ஒருநாள் உன் இடது கையிலிருந்து, துணியில் கோடு போடுகிற சுண்ணாம்புக்கட்டி நழுவி விழுந்தது. எடுத்தாய், மறுபடி விழுந்தது. "கை மரத்துப்போச்சி, ராத்திரி சரியா படுக்கல" என்றாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இன்னும் எத்தனை பரிட்சை பாக்கி என்றுதான் அப்போதும் என் மனம் எண்ணியது.

கடைசிப் பரிட்சை முடிந்த மறுநாள் காணிப்பாக்கம் கோயிலுக்குப் போகவேண்டும் என்றாய். மாற்றம் இல்லாமல் வைத்ததற்கு அவருக்கு நன்றி சொல்லவேண்டுமாம். பொய்ச் சத்தியம் செய்தவனை விடமாட்டார் என்று இந்தச் சுற்று ஊரே பயப்படுகிற சாமி. குளத்தங்கரையிலேயே நான் நின்றுவிட்டேன். ஹேமாவை வரிசையில் இடம் பிடிக்க அனுப்பிவிட்டு உன்னை உட்காரச் சொன்னேன்.

"அக்கா, அந்த ரிப்போர்ட்டுல அப்டி இல்ல."

"எந்த ரிப்போர்ட்டு?"

"கடைசியா எடுத்தது. வளந்திருக்குன்னு போட்டிருந்தாங்க. நான்தான் மாத்தம் இல்லன்னு..."

நீ என்னைத் திட்டவில்லை. இடது கையை வலது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய்.

"ஹேமாக்கு தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லாதே."

எழுந்து போய் வரிசையில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். சாமி கும்பிட்டாய். வரும்போது பஸ்ஸில் ஹேமா முன் சீட்டில் தூங்கிவிட்ட பிறகுதான் வாயைத் திறந்தாய்.

"சும்மா வாயால சொல்லியிருந்தீன்னா, சரி, தம்பி பயந்துட்டான்னு உட்டுருப்பேன். அச்சடிச்சி குடுத்துட்டியேடா. அத தெனம் எடுத்து படிச்சிக்கினு இருந்தேன்."

வீட்டுக்கு வந்ததும் அந்த ரிப்போர்ட்டை ஃபேக்டரியிலிருந்து எடுத்துவரச் சொல்லி, என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாய். "இப்ப போடு. வளந்திருக்குன்னு போடு. எத்தினி மில்லியோ அதுவும் போடு." அடித்தேன். தாள் காயும்வரை காத்திருந்து நீயே வெட்டினாய். துணி வெட்டுகிற கத்திரியால் வெட்டினாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், நீ நிமிரவில்லை. கோடு கோணலாகத்தான் வந்தது. பழைய கவரை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாய்.

வேலூரில் டாக்டர் இரண்டு டிஸ்க்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். "ஏம்மா, எடுத்த உடனே வரவேண்டாமா? ஏன் இவ்வளவு நாள்?" என்றார். நீ சட்டென்று சொன்னாய்: "பொண்ணுக்கு இன்டர் பரிட்சை சார். நான்தான் தள்ளி போட்டேன்."

ஹேமா உன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. தப்பித்தோம் என்று ஒரு மூச்சு விட்டேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். இன்னொரு ஆபரேஷன் முடியாது, ஆழமாகப் போய்விட்டது என்றார்கள். நான் மட்டும் மறுபடி உள்ளே போய், "ஒரு மாசம் முந்தி வந்திருந்தா?" என்று கேட்டேன். "சொல்ல முடியாதுங்க" என்றார். முடிந்திருக்கும் என்றும் சொல்லவில்லை, முடிந்திருக்காது என்றும் சொல்லவில்லை.

ஆவணியில் நீ போனாய். உன் வீட்டுக்காரர் காரியத்துக்கு வந்து, பதினாறு முடிந்ததும் குவைத்துக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு எடுத்த நான்காவது டிஸ்க் காகித உறையிலேயே கிடக்கிறது. அதற்குக் கவர் போட நீயும் கேட்கவில்லை, எனக்கும் தைரியம் வரவில்லை. சிநேகிதனிடம் இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

ஹேமா இப்போது திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி பி.பார்ம் கடைசி வருஷம் படிக்கிறாள். உன்னைப்போலவே நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், உன் பீரோவிலிருந்த ரிப்போர்ட்டுகளையெல்லாம் எடுத்துத் தரையில் தேதி வாரியாகப் பரப்பினாள். படிப்பு அவளுக்கு அந்த பாஷையைக் கற்றுக்கொடுத்துவிட்டது. நான் டீ கொண்டுபோய் வைத்தேன். தொடவில்லை.

"மாமா, பிப்ரவரியிலயே வளந்திருக்குது. வேலூர் போனது மார்ச் கடைசி."

"ஆமாம்மா."

"நான் பரிட்சை எழுதிக்கினு இருந்ததால தானே? அம்மா டாக்டர்கிட்ட சொன்னாங்க இல்ல? நான் அப்பவே, பரவாலேதும்மா, அடுத்த வருஷம் எழுதிக்கிறேன்னு சொல்லியிருக்கணும். எனக்குத் தோணவே இல்ல மாமா."

அழவில்லை அவள். பலமுறை தனக்குள் சொல்லிப் பழகிய கணக்கைப் போலச் சொன்னாள். வேலூரில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முகத்தை நான் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். நீ என்னைக் காப்பாற்றச் சொன்ன ஒரு வார்த்தை அவள்மேல் போய் விழுந்திருக்கிறது. அது உனக்கும் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் நீ அதைச் சொல்லியிருக்கவே மாட்டாய்.

சொல்லாதே என்று நீ சொன்னது என் காதில் இருந்தது. ஆனாலும் சொன்னேன், அக்கா. ஸ்கேன் சென்டரில் கேட்டது, மாடிப்படியில் சொன்னது, கவரில் அடித்தது, மேஜையில் பூட்டியது, குளத்தங்கரை, அடுப்பில் போட்ட நாலு துண்டு. உன் கையிலிருந்து சுண்ணாம்புக்கட்டி விழுந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றதையும் விடாமல் சொன்னேன். "உன் பரிட்சைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. அம்மாக்கு தெரிஞ்சிருந்தா மறுநாளே வண்டி ஏறியிருப்பா" என்றேன்.

அவள் பிப்ரவரித் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சீக்கிரம் போயிருந்தா பொழைச்சிருப்பாங்களா?"

"தெரியாதும்மா."

"நாலு வருஷம் மாமா. நாலு வருஷமா நான்தான்னு நெனச்சிக்கினு இருக்கேன். எதுனா ஒருநாள் சொல்லியிருக்கலாம் இல்ல நீங்க?"

ரிப்போர்ட்டுகளை மட்டும் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். கூடவே தெருமுனை வரை போனேன்; திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் போன் எடுப்பதில்லை. நீ போன பிறகு நான் கட்டிக்கொண்ட என் பெண்டாட்டி கூப்பிட்டால் எடுக்கிறாள், நன்றாகத் தூங்குகிறாளாம், சாப்பிடுகிறாளாம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

உன் பேச்சை மீறியதற்கு நீ என்னைத் திட்டுவாயோ என்னவோ. இத்தனை நாள் அந்த ஐந்து வாரத்தை மூன்று பேர் சுமந்தோம். உன் பங்கோடு நீ போய்விட்டாய். அவள் பங்கை அன்றைக்கு இறக்கி வைத்துவிட்டுப் போனாள். இப்போது முழுவதும் என்னிடம்தான் இருக்கிறது. அது யாரிடம் இருக்கவேண்டுமோ அவனிடம் வந்து சேர்ந்திருக்கிறது, அக்கா.

உன் தம்பி