நான்கு பவுண்டு தளர்வு

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் அம்மாவும் நன்றாக இருக்கிறாள். நீ நன்றாக இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன்.

உனக்குப் பதினேழு தடவை போன் போட்டேன். பதினேழு என்று அடக்கத்துக்காக எழுதுகிறேன், முப்பது இருக்கும். நீ எடுக்கவில்லை. அதனால்தான் எட்டாம் வகுப்போடு மூடி வைத்த பேனாவை இன்றைக்குத் திறந்திருக்கிறேன். பிழை இருந்தால் படிக்கிற உனக்குத்தான் கஷ்டம், எழுதுகிற எனக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதம் உன் டென்னிஸ் மட்டைப் பையின் பக்கவாட்டு அறையில் இருக்கும். "இனிமேல் இது எனக்கு வேண்டாம்" என்று நீ எந்த நெட்டைப் பெண்ணிடம் பையைக் கொடுத்தனுப்பினாயோ, உன்னோடு இரட்டையர் ஆடுகிறவள், அவளிடமே திருப்பிக் கொடுத்தனுப்புகிறேன். புதன்கிழமை உன் கையில் இருக்கும். வெள்ளிக்கிழமை நீ அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதற்குள் இதை முழுக்கப் படித்துவிடு. பாதியில் கிழித்துப் போடாதே. முக்கியமான விஷயம் கடைசியில்தான் வரும். என் சுபாவம் அப்படி.

முதலில் திட்டிவிடுகிறேன். திட்டாமல் எனக்கு அடுத்த வரி ஓடாது.

உனக்கு அப்படி என்னதான் பயம்? எதிராளி ஒரு மூலையில் கால் தடுக்கி நிற்கிறாள். மறுபக்கம் லாரியே திரும்பலாம், அவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறது. பந்தும் இடுப்பு உயரத்துக்கு வந்து "அடி, அடி" என்று கெஞ்சுகிறது. நீ என்ன செய்கிறாய்? தபால்காரர் மாதிரி அதை எடுத்துக்கொண்டு போய் அவள் கையிலேயே கொடுக்கிறாய். அவள் உயிரைக் கொடுத்து அடிக்கிறாள். நீ மறுபடியும் கொண்டுபோய்க் கொடுக்கிறாய். கோட்டுக்கு ஐந்து அடி பின்னால் நின்றுகொண்டு இது என்ன ஆட்டம்? இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வர வேண்டியிருக்கும்.

போன தடவை நீ வீட்டுக்கு வருவதற்கு முந்தின ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? மூன்று மணி பத்து நிமிஷம். அதில் ஒரே ஒரு புள்ளிக்கு நாற்பத்தொரு அடி. அது நான் எண்ணியது. நடுவில் எழுந்துபோய் டீ குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேனே, அப்போது போனது தனி. கடைசியில் அந்தப் பெண் களைத்துப்போய் தானாகவே வலையில் அடித்துத் தோற்றாள். நீ ஜெயித்துவிட்டாய் என்று உன் அம்மா குதித்தாள். எனக்கு நெஞ்சு எரிந்தது. அடித்து ஜெயிப்பது ஒன்று. எதிராளி தோற்கிறவரை பக்கத்தில் காத்துக்கொண்டு நிற்பது இன்னொன்று.

பத்திரிகையில் உன்னைச் 'சுவர்' என்று எழுதியதை அக்கா வெட்டி, சலவைக் கடைக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள். சட்டை வாங்க வருகிறவர்கள் அதைப் படித்தால்தான் சட்டை கிடைக்கும். "சுவர் இல்லக்கா, குட்டிச்சுவர்" என்று சொன்னேன். கையில் இஸ்திரிப் பெட்டியோடு திரும்பினாள். எனக்கு அவசர வேலை ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

ஆட்டம் என்றால் அது என் ஆட்டம். உனக்குத் தூங்கும்போது கதையாகச் சொன்னதுதான். கிளப் உறுப்பினர்களும் ஊழியர்களும் சேர்ந்து ஆடிய போட்டி, இறுதிச் சுற்று, ஐந்நூறு பேர் கூட்டம், எதிரே பல் டாக்டர். நான் அடித்த முதல் பந்து வலையைக் கிழித்துக்கொண்டு போனது. இரண்டாவது பந்தைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை, சத்தம்தான் கேட்டது. நடுவர் கண்ணில் கோளாறு இருந்ததால் மட்டுமே நான் தோற்றேன். அதை அப்படியே வைத்துக்கொள். பிறகு அங்கே வருகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், வந்துதான் ஆக வேண்டும்.

நேற்று முன்தினம் சாயங்காலம் நான் கிளப்பில் மாடிப்படிக்குக் கீழே என் அறையில் இருந்தேன். உனக்குத் தெரிந்த அறைதான். நிமிர்ந்தால் தலை இடிக்கும், பக்கத்தில் தண்ணீர் மோட்டார் உறுமும், ஈரத் துண்டு நாற்றம். ஆனால் இந்த வட்டாரத்தில் என்னைப்போல மட்டைக்கு நரம்பு கட்ட மூன்று பேர்தான் உண்டு, அதில் இரண்டு பேர் என்னைப் பார்த்துக் கற்றவர்கள். பல் டாக்டர் வழக்கம்போல வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தினமும் வந்து "பொண்ணு என்ன ஆச்சு?" என்று கேட்பார். உன் ரசிகர் மன்றத்துக்குத் தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் அவர்தான். நீ கடைசியாகத் தோற்ற ஆட்டத்தின் வீடியோவைப் போனில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஓட்டி ஓட்டிப் பார்த்தார்.

நான் சொன்னேன், "இதுல பார்க்க என்ன இருக்கு டாக்டர், கை போயிடுச்சுன்னு அவளே அவ அம்மாகிட்ட சொல்லிட்டா. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டு, பெரிய போட்டிக்கான தகுதிச் சுற்றிலேர்ந்து பேரை எடுக்கப் போறா. அதோட ஆட்டத்தையே விட்டுடறாளாம்."

அவர் நிமிரவே இல்லை. "கை போனா பந்து ஒண்ணு இங்க விழும், ஒண்ணு அங்க விழும். இவளுக்கு எல்லாம் ஒரே மாதிரி வெளியே போகுது பாருங்க. எல்லாமே கோட்டுக்கு வெளியே ஒரு சாண். பல் ஆடினா எல்லாப் பல்லும் ஒரே அளவா ஆடுமா? இது கை இல்ல" என்றார். அப்புறம் சுற்றிலும் பார்த்துவிட்டு, சும்மா பேச்சுக்குக் கேட்கிற மாதிரி, "நரம்பு எத்தனை பவுண்டு?" என்றார்.

"ஐம்பத்துநாலு" என்றேன்.

மருமகளே, அது ஐம்பது.

உன் மட்டைகளுக்குப் பதினான்கு வயதிலிருந்து நான்தான் நரம்பு கட்டுகிறேன். உன் அளவு ஐம்பத்துநான்கு பவுண்டு இழுப்பு. கட்டி முடித்ததும் ஒரு சின்னச் சீட்டில் எண்ணை எழுதிக் கைப்பிடிக்கு மேலே நூலால் கட்டுவேன். இத்தனை வருஷத்தில் நீ அந்தச் சீட்டைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை, அளந்ததில்லை. போன தடவை நீ வந்து நான்கு நாள் இருந்தபோது கட்டச் சொல்லி ஆறு மட்டையைக் கொடுத்தாயே, அந்த மூன்று மணி பத்து நிமிஷ எரிச்சல் எனக்கு அடங்கியிருக்கவில்லை. நரம்பு கொஞ்சம் தளர்ந்தால் பந்து துள்ளிக்கொண்டு வேகமாகப் போகும். வேகம் போனால் எதிராளி திணறுவாள், அவள் திணறினால் உனக்கு ருசி வரும், ருசி வந்தால் முன்னே வந்து அடிக்க ஆரம்பிப்பாய் என்று கணக்குப் போட்டேன். ஆறு மட்டையிலும் நான்கு பவுண்டு குறைத்தேன். ஆறு சீட்டிலும் ஐம்பத்துநான்கு என்று எழுதினேன்.

நீ முன்னே வரவில்லை. நீ எப்போதும் போல உயரத் தூக்கிக் கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே விழும்படி போட்டாய். அது ஒரு சாண் வெளியே விழுந்தது. அவ்வளவுதான் நடந்தது. கோட்டை ஒட்டிப் போடுகிறவளுக்கு நான்கு பவுண்டு என்ன செய்யும் என்று கண்டபடி அடிக்கிறவனுக்குத் தெரியாமல் போய்விட்டது.

முதல் போட்டியில் தோற்றதும் நீ எனக்குப் போன் செய்தாய். "மாமா, ஐம்பத்துநாலுதானே கட்டினீங்க?" என்று கேட்டாய். "பின்னே? என்கிட்டயே கேள்வியா?" என்று கேட்டேன். நீ உடனே, "இல்ல மாமா, சும்மாதான் கேட்டேன்" என்றாய். மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாய். இரண்டாவது தடவை தோற்றபோது நானே போன் போட்டு, "பின்னாடியே நின்னா இப்படித்தான் ஆகும்" என்று கத்தினேன். அன்றைக்கு மூடிய போன்தான்.

அக்கா சொன்னாள், நீ முதலில் பந்தைச் சந்தேகப்பட்டாயாம். அப்புறம் வெயிலை, தரையை, செருப்பு மாதிரி தேய்ந்துபோன ஷூவை. கடைசியில் உன் மணிக்கட்டையே சந்தேகப்பட்டு எலும்பு டாக்டரிடம் போய்ப் படம் எடுத்தாயாம். படத்தில் ஒன்றுமில்லை என்றதும், "அப்போ போனது கை இல்லம்மா, நான்தான்" என்று சொன்னாயாம். இதை என்னிடம் சொன்னபோது அக்கா ஒரே காலரை மூன்று தடவை தேய்த்தாள். என் முடிச்சை மட்டும் நீ சந்தேகப்படவில்லை. இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. பொய் இல்லை, ஒரு வேளைதான் சாப்பிட்டேன். சரி, இரண்டு வேளை.

பல் டாக்டர் கதையையும் சரிசெய்துவிடுகிறேன், இனி அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அது இறுதிச் சுற்று இல்லை, முதல் சுற்று. கூட்டம் பதினோரு பேர், தரைக்குத் தண்ணீர் தெளிக்கிறவரையும் சேர்த்து. வலை கிழியவில்லை. ஆறுக்குப் பூஜ்யம், ஆறுக்குப் பூஜ்யம். அவர் தொப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்து நடந்து எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார். நான் பலமாக அடித்து அடித்து எல்லாவற்றையும் வெளியே அனுப்பினேன். முடிந்ததும் வந்து கை கொடுத்து, "நல்லா ஆடுனீங்க தம்பி, நான் சும்மா திருப்பித்தான் போட்டேன்" என்றார். இருபத்திரண்டு வருஷமாக அந்த 'சும்மா' எனக்குக் காதில் கேட்கிறது. நீ கோட்டுக்குப் பின்னால் போய் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொப்பைதான் தெரிகிறது. அது உன் தப்பில்லை.

நேற்றே அவரைத் தேடிப்போய், "ஐம்பத்துநாலு இல்ல டாக்டர், ஐம்பது" என்று சொல்லிவிட்டேன். பல் பிடுங்குகிற நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னேன், அங்கேதான் இடம் இருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அவகிட்ட நீங்களே சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். அங்கேயும் சும்மா திருப்பிப் போட்டுவிட்டார்.

இனி நான் சொல்வதைக் கவனமாகச் செய். பையில் ஆறு மட்டை இருக்கும். ஐந்தில் பழைய நரம்பை அறுத்துவிட்டு ஐம்பத்துநான்கு கட்டியிருக்கிறேன், பல் டாக்டர் எதிரிலேயே, இழுப்புக் காட்டும் முள்ளை அவர் குனிந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் முடிச்சுப் போட்டேன். ஆறாவதில் கை வைக்கவில்லை. நீ தோற்றபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. அதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். சீட்டில் இந்தத் தடவை ஐம்பது என்றே எழுதியிருக்கிறேன். என் சீட்டை நம்பு என்று சொல்ல எனக்கு இப்போது வாயில்லை. அங்கே போட்டி நடக்கிற இடத்தில் நரம்பு கட்டுகிறவர் ஒருவர் இருப்பாரே, அவரிடம் கொடுத்து ஆறையும் அளக்கச் சொல். பிறகு தரையில் இறங்கு. சிவப்பு நூல் மட்டையால் பத்துப் பந்தை உயரத் தூக்கிப் போடு. அப்புறம் மற்றதில் பத்து. அதே கைதான். எது கோட்டுக்குள் விழுகிறது என்று நீயே பார்.

பார்த்த பிறகு வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று நீ முடிவு செய். ஆடப் பிடிக்கவில்லை என்று விட்டால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். கை போய்விட்டது என்று விடாதே. அது பொய். அந்தப் பொய் என்னுடையது.

இனிமேல் மட்டையை அங்கேயே யாரிடமாவது கட்டிக்கொள். நான் வருத்தப்பட மாட்டேன். வருத்தப்படுவேன், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டேன். கோட்டுக்கு எத்தனை அடி பின்னால் வேண்டுமானாலும் நில். மூன்று மணி நேரம் இல்லை, ஆறு மணி நேரம் ஆடு. நான் டீயை முன்னாலேயே போட்டு வைத்துக்கொள்கிறேன்.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பையைக் கொடுத்துவிட்டு நேரே கடைக்குத்தான் போகிறேன். இஸ்திரிப் பெட்டி சூடாக இருக்கிற நேரம். எனக்காக வேண்டிக்கொள்.

கை நோகாமல் இரு கண்ணு. உன் பக்கம் வந்த எதையும் நீ திருப்பிப் போடாமல் விட்டதில்லை. இந்தக் கடிதத்துக்கும் ஒரு வரி திருப்பிப் போடு. எவ்வளவு பலமாக வந்தாலும் நான் நகராமல் நின்று வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் மட்டைக்கு நரம்பு கட்டிய மாமா