பாதியில் நிறுத்திய வாக்கியம்

என் கலா,

பேருந்தில் உன் இடத்தில் இப்போது என் பையை வைக்கிறேன். யாராவது வந்து நின்றால் எடுத்துவிடுகிறேன். பாலக்கோடு வரும்வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை. தக்காளிக் கூடைகளைத் தாண்டி இறங்கி நடக்கிறேன்.

நம் எல்கேஜி பிள்ளைகள் நலம். பவானி மட்டும் பேசுவதில்லை.

வீட்டில் கன்னடம் மட்டுமே கேட்டு வளர்ந்தவளுக்கு நீ தமிழ் கொடுத்த விதம் நினைவிருக்கிறதா? "எனக்குத் தண்ணி..." என்று நிறுத்தி, மோவாயில் விரல் வைத்துக் காத்திருப்பாய். "வேணும்" என்று அவள் முடிப்பாள். சில வாரங்களில் அது "எனக்கு..." என்று குறைந்தது. அடுத்து விரல் மட்டும்தான் என்று சொல்லியிருந்தாய். அந்த வாரம்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது.

பயிற்சியில் இதை 'ஸ்கேஃபோல்டிங்' என்றார்கள். நீ சிரித்தாய். "எங்கப்பா கொத்தனாருடி. சாரம்னு சொன்னா ஆகாதா? செவுரு நிக்கிற வரைக்கும் இருக்கணும். அப்பறம் ஒவ்வொரு கழியாப் பிரிக்கணும்."

உன்னை மட்டும் அந்தக் காய்ச்சல் ஏன் ஒரே நாளில் எடுத்துக்கொண்டது?

நான் ஒரு தவறு செய்தேன். பவானி குடத்தைப் பார்த்தாலே டம்ளரை நீட்டினேன். பாவம், குழந்தை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த மௌனத்தைத் தாங்க முடியாதவள் நான்தான். அவளிடம் இருந்த "வேணும்" கூடப் போய்விட்டது.

"வூட்ல நல்லாத்தான் பேசுதுங்க மிஸ். இங்க வந்தா ஊமையாட்டம் ஆயிருது. அடுத்த வருசமும் இதே கிளாஸ்லதான் ஒக்கார வெப்பீங்களா?" என்று அவள் அம்மா கேட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கலா மிஸ் ஊருக்குப் போயிருக்காங்க என்று பிள்ளைகளிடம் சொன்னது நான்தான்.

நேற்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பவானி எதிரில் வந்து நின்றாள்.

"கலா மிஸ்ஸு..."

நிறுத்தினாள். மோவாயில் விரல் வைத்தாள். என் வாயையே பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், உன்னைப் போலவே காத்திருந்தாள்.

"இனிமே வர மாட்டாங்க," என்றேன்.

அதை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல்முறை.

என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குடத்தைப் பார்த்தாள். என் கை டம்ளரை நோக்கிப் போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, மறு கை விரலை மோவாயில் வைத்து ஆரம்பித்தேன்.

"எனக்கு..."

வெளியே ஒரு டிராக்டர் வந்து, கடந்து, சத்தம் தேய்ந்து போனது.

"தண்ணி பேக்கு."

பேக்கு அவள் வீட்டுச் சொல். வேணும் என்றுதான் அர்த்தம். டம்ளரைக் கொடுத்தேன்.

நாளையும் காத்திருப்பேன், கலா. எவ்வளவு நேரமானாலும் அவள் சொல்லை நான் சொல்ல மாட்டேன். ஒரு நாள் விரலையும் எடுத்துவிடுவேன். பேருந்தில் அந்தப் பையை ஒரேயடியாக எடுக்க மட்டும் எனக்கு இன்னும் கொஞ்ச நாள் கொடு.

உன் அம்மாவை இப்போதும் அம்மா என்றே கூப்பிடும்,
சுமதி