ஜெபத்தில் போட்ட சண்டை

ராஜபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து.

அன்புள்ள மகன் மெர்வினுக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அம்மாவும் நல்ல சுகம். அங்கே நீயும் ஜெனிலாவும் அப்படியே சுகம் என்று நம்புகிறேன் என எழுதப் போனேன், பேனா நின்றுவிட்டது. நீங்கள் சுகமாக இல்லை என்று எனக்குத் தெரியும். ஜெனிலா புதன்கிழமை போன் செய்தாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, குரல் சரியில்லையே என்று நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் புருஷன் பெண்சாதிக்கு ஆலோசனை சொல்கிற ஒரு கவுன்சிலரிடம் நேரம் வாங்கியிருக்கிறாளாம். நமக்கு என்ன பைத்தியமா பிடித்திருக்கிறது, முன்பின் தெரியாதவரிடம் போய் வீட்டு விஷயத்தைக் கொட்டுவதா என்று நீ மறுத்துவிட்டாயாம். நீ வராவிட்டால் டொராண்டோவில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விடப் போகிறாளாம். அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

போனில் இதைப் பேசினால் நீ சரிப்பா, பாக்கேன்ப்பா என்பாய், அடுத்த நிமிஷம் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். தபாலில் போட்டால் சனிக்கிழமை தாண்டிவிடும், ஆகவே பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புகிறேன், என் எழுத்து புரியாவிட்டால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள். நாங்கள் உன்னிடம் மறைத்த ஒன்றை இதில் சொல்லப் போகிறேன். அம்மாவிடம் சம்மதம் வாங்கிவிட்டேன். எழுதுங்க, ஆனா உங்க பக்கத்தை மட்டும் வெள்ளை அடிச்சிராதீய என்று சொல்லித்தான் பேனாவையே எடுத்துக் கொடுத்தாள்.

போன வருஷம் நானும் உன் அம்மாவும் ஐந்து மாதம் பேசிக்கொள்ளவில்லை. நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் ஒரே சோபாவில் ஒட்டி உட்கார்ந்து சிரித்தோம், போனை வைத்ததும் அவள் அடுப்படிக்கும் நான் வாசலுக்கும் போய்விடுவோம். காரணம் சின்னதுதான். முப்பத்தி நாலு வருஷம் மில்லில் ஃபிட்டராக இருந்தவன், ரிட்டையர் ஆகி வீட்டில் உட்கார்ந்தால் கை சும்மா இருக்குமா, குழாயைக் கழற்றினேன், ஃபேனைக் கழற்றினேன், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியையும் விடவில்லை. அம்மா தளவாய்புரத்து முதலாளிக்கு நைட்டி தைக்கிறாளே, அந்தத் தையல் மிஷினில் ஏதோ சத்தம் வருகிறது என்று எனக்குத் தோன்றியது. அவளுக்குத் தோன்றவில்லை, அவள் சொல்லவும் இல்லை. அவள் சர்ச்சில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில் நான் மிஷினை முழுசாகப் பிரித்துப் போட்டேன். பிரிக்கத் தெரிந்தது, மாட்டத் தெரியவில்லை. மறுபடி மாட்டி முடிக்க நாலு நாள் ஆயிற்று. அதற்குள், பிரித்த மறுநாளே கொடுக்க வேண்டிய துணிக்கட்டு அப்படியே கிடக்க, முதலாளியின் வேன்காரர் வந்து பார்த்துவிட்டு அதை அள்ளிக்கொண்டு போய் வேறு வீட்டில் கொடுத்துவிட்டார். யாரைக் கேட்டு அதுல கை வச்சீய என்று அம்மா கேட்டாள். தப்பு என் பேரில் இருந்தது, அதனாலேயே எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நைட்டி தைக்கது ஒரு பெரிய தொழிலாக்கும் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு வாயை மூடியவள்தான்.

ஆனால் சாயங்காலம் ஏழு மணி குடும்ப ஜெபம் மட்டும் நிற்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நடக்கிறது, அதை நிறுத்துகிற தைரியம் இரண்டு பேருக்குமே இல்லை. வேதம் வாசித்து முடித்ததும் முதலில் நான் ஜெபிப்பேன், பிறகு அவள். பேச வேறு வழி இல்லாததால் எங்கள் சண்டை முழுவதும் அதற்குள் வந்துவிட்டது. கர்த்தாவே, வாய் திறவாமலே வீட்டை வதைக்கிறவர்களுக்கு இளகின மனதைத் தாரும் என்று நான் ஜெபிப்பேன். ஆண்டவரே, அடுத்தவங்க பொருளைக் கேளாமல் தொடுகிற புத்தியை இந்த வீட்டைவிட்டு அகற்றும் என்று அவள் ஜெபிப்பாள். கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோனதை நீர் அறிவீர் ஆண்டவரே என்று ஒருநாள் ஜெபித்தாள், மறுநாள் காலை நான் சிலிண்டருக்குப் பதிந்தேன். சிரிக்காதே. இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு கர்த்தர் பேரில் ஒருவரை ஒருவர் குத்திவிட்டு, முடிவில் பழக்கதோஷத்தில் மற்றவர் ஜெபத்துக்கு ஆமென் வேறு சொல்லிக்கொண்டிருந்தோம். ஊரில் எல்லோரும் எங்களைப் பார்த்து நல்ல குடும்பம் என்றார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் ஜெபம் வேறு மாதிரி இருந்தது. ஆண்டவரே, வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல கவுன்சிலரம்மாவைப் பாக்கப் போறேன், இதுக்கு முன்னால ரெண்டு தரம் தனியாப் போயிட்டு வந்துட்டேன், இந்தத் தரம் கூட வரவேண்டியவியளுக்கு நல்ல மனசைத் தாரும் என்றாள். நான் வழக்கம்போல ஆமென் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னாள் என்பதே மண்டையில் ஏறியது. கண்ணைத் திறந்தால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதத்தில் அவள் என்னை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். ஆமென் சொன்னவன் எப்படிப் போகாமல் இருப்பது, நீயே சொல்.

போனோம். ஒரே பஸ்ஸில் அவள் முன்னால், நான் பின்னால். பஸ் ஸ்டாண்டில் என்கூட மில்லில் இருந்த பேச்சிமுத்து பார்த்துவிட்டு, ஏலே எங்க கெளம்பிட்ட என்று கேட்க, கண் ஆஸ்பத்திரிக்கு என்று கூசாமல் பொய் சொன்னேன். உனக்கு இன்றைக்கு என்ன வெட்கமோ அதே வெட்கம்தான் எனக்கும். கவுன்சிலரம்மா பெயர் நஸீபா. உன்னைவிட நாலைந்து வயது மூத்த பெண்ணாக இருக்கும், ஒரு துணிக்கடைக்கு மேலே மாடியில் மூன்று நாற்காலியும் ஒரு மின்விசிறியும் உள்ள அறை. இந்தப் பிள்ளை நமக்கு என்ன சொல்லிவிடப் போகிறது என்று நினைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. யார் பேரில் தப்பு என்று தீர்ப்பும் சொல்லவில்லை, விட்டுக்கொடுத்துப் போங்கள் என்று புத்தியும் சொல்லவில்லை. அடுத்த தடவை போனபோது அம்மாவைப் பேசச் சொன்னார், அவள் சொன்னதை நான் என் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், அவள் ஆமா அதுதான் என்கிற வரைக்கும் நான் பதில் பேசக்கூடாது. கேட்கச் சுலபம்போல இருக்கிறது அல்லவா. எனக்கு வரவில்லை மெர்வின். அவள் ஒரு வரி சொன்னால் நான் அதைத் திருப்பிச் சொல்கிற சாக்கில் அதற்கு ஒரு வழியும் சொல்லிவிடுவேன், இல்லையென்றால் என் நியாயத்தைச் சேர்த்துவிடுவேன். ஐயா, அம்மா ரிப்பேருக்கு வரல, நீங்க கேட்டாப் போதும் என்றார் நஸீபா. மூன்றாவது தடவை போனபோதுதான் ஒரு வரியை ஒழுங்காகத் திருப்பிச் சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னார். வீட்டில் ஒருவர் சும்மா எதையாவது சொல்லும்போது, அது என்னைக் கொஞ்சம் பாரேன் என்று கேட்பதுதானாம். மலைமேல மேகம் எறங்குது பாருங்க என்று உன் அம்மா அடுப்படி ஜன்னலில் நின்று எத்தனை வருஷமாகச் சொல்கிறாள், நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கியது இல்லை. இப்போது எழுந்து போய்ப் பார்க்கிறேன். மேகம் எப்போதும்போலத்தான் இருக்கிறது, அம்மாதான் செத்த நேரம் கூட நின்று பேசுகிறாள். கோபம் தலைக்கு ஏறினால் இருபது நிமிஷம் விலகி இருக்கலாம், ஆனால் எப்போது திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். நான் முன்பெல்லாம் சொல்லாமல் டீக்கடைக்குப் போய்விடுவேன், நீ காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வாய், இரண்டும் ஒன்றுதான்.

பிள்ளைகளைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பேசாமல் இரண்டு பேரும் எங்காவது போய் வாருங்கள் என்றும் ஒருநாள் சொல்லி அனுப்பினார். பைக்கில் செண்பகத்தோப்பு போனோம். யானை நடமாட்டம் என்று வனத்துறைக்காரர்கள் செக்போஸ்டிலேயே திருப்பிவிட்டார்கள். திரும்பும் வழியில் ஒரு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, கொண்டுபோன காராச்சேவைத் தின்றோம். அங்கேதான் அவள் சொன்னாள். நீங்க நைட் ஷிஃப்ட் போன வருசமெல்லாம் இந்த வீட்டுல எனக்குத் துணைக்கு இருந்தது அந்த மிஷின் சத்தந்தான், அதைப் போயி ஒரு தொழிலான்னு கேட்டுட்டீயளே என்றாள். கவுன்சிலரம்மா பக்கத்தில் இல்லை, ஆனாலும் நான் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தேன். நான் இல்லாத வருஷமெல்லாம் உனக்குத் துணை அந்த மிஷின் என்று சொன்னேன், அதோடு நிறுத்திக்கொண்டேன். அவள் ஆமா, அதுதான் என்றாள். காராச்சேவுப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். இனிமேல் சண்டையே வராது என்று நினைத்துவிடாதே, நேற்றுகூட மோட்டாரை நிறுத்த மறந்ததற்கு எனக்கு நன்றாகக் கிடைத்தது. ஆனால் நேருக்கு நேர் கிடைத்தது.

இப்போது உன் விஷயம். ஜெனிலா உன்மேல் குற்றமாகச் சொன்னது ஒன்றே ஒன்று. மாமா, அவங்க நல்லவங்கதான், ஒரு குறை வைக்கல, ஆனா எங்கம்மா தவறிப் போயி ஒம்பது மாசமாச்சு, நீ எப்படி இருக்கேன்னு ஒரு நாளு கேக்கல என்றாள். உனக்கு லீவு கிடைக்கவில்லை, உன்னால் அடக்கத்துக்கு வர முடியவில்லை, அது உன் தப்பு இல்லை. ஒரே நாளில் டிக்கெட் எடுத்து அவளை ஏற்றி அனுப்பினாய், சேத்தூரில் அவள் அம்மா வீட்டுக்குப் பந்தல் முதல் வேன் வரைக்கும் அங்கிருந்தே போனில் ஏற்பாடு செய்தாய், எல்லோரும் உன்னைப் பாராட்டினார்கள், நானும் பெருமைப்பட்டேன். ஆனால் அடக்கத்துக்கு முன்னால் வாசலில் ஒவ்வொரு கார் வந்து நிற்கும்போதும் அந்தப் பிள்ளை தலையைத் தூக்கிப் பார்த்ததை நான் பார்த்தேன். நீ வரமாட்டாய் என்று அவளுக்குத் தெரியும், இருந்தும் பார்த்தாள். அதை அன்றைக்கே உன்னிடம் நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டது என் தப்பு. நீ என் மகன், எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்துவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டிருக்கிறாய். இது உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது, அதனால்தான் மனசு கிடந்து அடிக்கிறது.

கவுன்சிலரிடம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுதித் தர முடியாது. நஸீபாவே அப்படிச் சொன்னதில்லை, எங்களுக்குப் பிறகு வந்த ஒரு ஜோடி பேசிப் பார்த்துவிட்டுப் பிரிந்துதான் போனார்கள். ஆனால் போகாமல் இருந்தால் அவள் டொராண்டோ போவாள், அது உறுதி. முதல் நாள் நான் அங்கே என் பெயரைத் தவிர ஒன்றும் பேசவில்லை. நீயும் பேச வேண்டாம், அவள் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார், அது போதும்.

ஜெபத்தைக் கர்த்தருக்கே விட்டுவிடுங்கள், ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று நஸீபா சொன்னதிலிருந்து நாங்கள் ஜெபத்தில் சண்டை போடுவதில்லை. நேற்று சாயங்காலம் உன் அம்மா, இன்னைக்கு ஒரு நாளு மட்டும் பழையபடி ஜெபம் பண்ணிக்கிடட்டா என்று என்னிடம் கேட்டாள். சரி என்றேன். ஆண்டவரே, சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு எம் மவன் அந்தப் பிள்ளை பக்கத்துல போயி உக்காரணும் என்று மட்டும் ஜெபித்தாள். நான் ஆமென் சொன்னேன். இந்தத் தடவை கேட்டுத்தான் சொன்னேன். ஆனால் இங்கே சொன்ன ஆமென் உன் காதுக்கு வந்து சேராது என்றுதான் இத்தனை பக்கம் எழுதினேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. வேளாவேளைக்குச் சாப்பிடு. ஊறுகாயும் மிளகாய்ப் பொடியும் அடுத்த வாரம் பார்சலில் வரும், ஜெனிலாவுக்குத் தனியாக அம்மா இரண்டு நைட்டி தைத்து வைத்திருக்கிறாள். கர்த்தர் உங்கள் இருவரையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்துக் காப்பாராக. மறக்காதே, சனிக்கிழமை, பத்து மணி. ஆனால் அவள் அம்மாவைப் பற்றிக் கேட்பதற்குச் சனிக்கிழமை வரை காத்திருக்காதே. இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய்க் கேள். அவள் சொல்வதைத் திருப்பிச் சொல், வேறொன்றும் சேர்க்காதே.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
சின்னத்துரை