மருமகளுக்குப் பதிலாக நான் கேட்ட வகுப்பு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கடைசி பெஞ்சுப் பிள்ளை என்று விட்டுவிட்டேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். கூடவே ஒரு தாள் இருக்கிறது. அதற்கு முன் நடந்ததைப் படி.

உங்கள் சோலார் கான்ட்ராக்டர் லைசென்ஸ் இந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. அதற்குள் புதுப்பிக்காவிட்டால் உன் மனைவி முதலிலிருந்து பரீட்சை எழுத வேண்டும். அதுவரை எந்த மாடியிலும் ஒரு கம்பியைக்கூடத் தொட முடியாது. நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்துக்கு பேனல் போடும் வேலை இப்போதுதான் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. அதுவும் கைவிட்டுப் போகும்.

புதுப்பிக்க, மின் பாதுகாப்பு பற்றி எட்டு மணி நேர வகுப்பு கேட்க வேண்டும். கம்ப்யூட்டரிலேயே கேட்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் பச்சைக் கட்டம் வரும். தொட்டால்தான் ஆள் இருப்பதாகப் பதிவாகும். போன செவ்வாய்க்கிழமை காலை அவள் உட்கார்ந்து அரை மணிகூட ஆகவில்லை, அவள் பேனல் போட்டுக் கொடுத்த பேக்கரிக்காரர் போனில் கூப்பிட்டார். மாடியில் பேனல் பக்கம் கருகிய வாசனையாம். "அத்தை, இதை நிறுத்திடுங்க, வந்து கேட்டுக்கறேன்" என்று சின்ன ஏணியோடு ஓடினாள்.

நிறுத்தத்தான் போனேன். அதற்குள் பச்சைக் கட்டம் வந்தது, கை தானாகத் தொட்டுவிட்டது. பாடமும் சுவாரசியமாக இருந்தது. சுவிட்சை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனலில் மின்சாரம் இருக்குமாம், உனக்குத் தெரிந்திருக்கும். குறிப்பு எடுத்தேன். தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டேன். சாயங்காலம் இருபது கேள்வி வந்தது, பத்தொன்பது சரி. சான்றிதழும் வந்துவிட்டது, அவள் பெயரில்.

எலி கடித்த கம்பியை மாற்றிவிட்டு வந்தவளிடம் பெருமையாகக் காட்டினேன். வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வராதவனுக்கு ப்ராக்ஸி குடுத்த பசங்களை எத்தனை வருஷம் வெளிய நிக்க வெச்சீங்க அத்தை, இப்ப நீங்களே எனக்கு ப்ராக்ஸியா?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருந்தும், யாருக்கும் தெரியாது, அனுப்பிவிடு என்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் சிரிப்பை நிறுத்தி, "மாடியில நிக்கப்போறது நான்தானே? நீங்க படிச்சது என் கையைக் காப்பாத்துமா?" என்றாள்.

மறுநாள் லைசென்ஸ் அலுவலகத்துக்கு அவளே போன் செய்து உள்ளதைச் சொன்னாள். அந்த அதிகாரி அம்மா முதலில் லைசென்ஸ் நம்பரைக் குறித்துக்கொண்டாராம். பிறகு, "உங்க மாமியார் எத்தனை மார்க்?" என்று கேட்டாராம். சான்றிதழை ரத்து செய்து, மறுபடி கேட்கச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை முழுக்கக் கேட்டு முடித்தாள். நான் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற போனை எல்லாம் எடுத்தேன். எனக்கு அதுதான் தண்டனை. அவள் பதினெட்டு மார்க். நான் ஒன்றும் சொல்லவில்லை, உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

மிச்சம் கூட வைத்திருக்கும் இந்தத் தாள்தான், லைசென்ஸைப் புதுப்பிக்கும் விண்ணப்பம். பங்குதாரர் இருவரும் பேனாவால் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வரியில் அவள் போட்டுவிட்டாள். இரண்டாவது வரியில் உன் பெயருக்கு நேராகப் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். போன மாதம் நீ போனில், "லைசென்ஸ் போனாப் போகட்டும், எல்லாத்தையும் மூடிட்டு இங்க வந்துடு" என்றது எனக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அவள் உன்னிடம் கேட்கமாட்டாள். அதனால் நான் கேட்கிறேன்.

வகுப்புக்கு நெடுநாள் வராத பிள்ளையின் பெயரை நான் வருகைப் பதிவேட்டில் அவசரப்பட்டு அடித்ததில்லை. அடித்துவிட்டால், திரும்பி வரும் அன்று அவன் புதிதாகச் சேர வேண்டியிருக்கும்.

இருபத்தைந்துக்குள் தாள் வந்து சேரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக இரு. பள்ளிக்கூடம் மூன்று மாடி, அதற்குப் பெரிய ஏணி வேண்டும். நீ போனதிலிருந்து அது பின்சுவரில் சாய்ந்தே நிற்கிறது. இரண்டு பேர் இல்லாமல் அதைத் தூக்க முடியாதல்லவா?

அன்புடன்
அம்மா