உன் வண்டியின் சத்தத்தை அடைத்த கதை

அம்மா,

இன்று மத்தியானம் வெயிலில் நின்ற உன் வண்டியின் கதவைத் திறந்தேன். குப்பென்று அந்தத் தார் வாசனை. ரோடு போடுகிற இடத்தில் அடிக்குமே, அதே நாற்றம். இத்தனை வருடமாகியும் போகவில்லை. கதவுக்குள்ளே சத்தத்தை அடக்க உன் மருமகன் ஒட்டவைத்த தார்த் தகடுகள் மதுரை வெயிலுக்கு இளகி, ஓரமாகக் கறுப்பாக ஒழுகி, என் வெள்ளைச் சுடிதாரில் ஒரு கோடு போட்டுவிட்டன. மண்ணெண்ணெய் வைத்துத் தேய்த்தும் பலனில்லை. "அது ஒண்ணும் பண்ணாது, அதுதான் சத்தத்த உறிஞ்சுறது" என்றார் உன் மருமகன், சோபாவை விட்டு எழாமல். சுடிதாரையும் சேர்த்து உறிஞ்சும்போல. நீ இருந்திருந்தால் அவரை ஒரு பார்வை பார்த்திருப்பாய். எனக்கு அந்தப் பார்வை வராது, அதனால் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

அப்பா போன பிறகு நீ ஓட்டக் கற்றுக்கொண்ட வண்டி இது. சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அது ஒரு சிரிப்பு. "இந்த வயசுல எதுக்கு டீச்சரம்மா, ஒரு ஆட்டோவ பேசி வச்சுக்கிட்டா ஆச்சு" என்றார்கள். பள்ளிக்கூடத்தில் தப்பான விடையோடு நோட்டை நீட்டும் பிள்ளையைப் பார்ப்பதுபோல அவர்களைப் பார்த்துவிட்டு, நீ டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்ச் சேர்ந்தாய். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை சர்ச், மாட்டுத்தாவணி மார்க்கெட், டி. கல்லுப்பட்டியில் சித்தி வீடு, எதற்கும் நீ யாரையும் எதிர்பார்த்ததில்லை. "கொண்டுபோயி விடுறியான்னு ஒருத்தர்ட்ட கேட்டு நிக்கிறதுக்கு நான் வீட்லயே கெடந்துருவேன்" என்பாய். வண்டிச் சாவி உன் கைப்பையில், பைபிளுக்குப் பக்கத்தில் இருக்கும். அதை வேறு யாரும் தொட்டுப் பார்த்ததில்லை.

சின்ன வண்டி. நாலு வழிச் சாலையில் ஏறிவிட்டால் டயர் ஒரு பக்கம் ஊளையிடும், கதவு இடுக்கில் காற்று ஒரு பக்கம் கூவும். நாங்கள் ஏதாவது கேட்டால் உன்னிடம் ஒரே பதில்தான். "இந்த இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல. எதுவா இருந்தாலும் எறங்கிப் பேசிக்கலாம்." நாங்களும் நம்பினோம். வீட்டிலோ செய்தி வாசிக்கிறவன் முணுமுணுக்கிறான் என்று டிவியைக் கூட்டி வைப்பாய். சர்ச்சில் மைக் செட்டுக்காரனுக்குத் தொழில் தெரியவில்லை என்பாய். பால்காரர் வாய்க்குள்ளேயே பேசுகிறார், பக்கத்து வீட்டு மாடி டீச்சருக்கு உச்சரிப்பே சரியில்லை. உலகத்தில் உன்னைத் தவிர எல்லாமே பழுது என்று நீ சொல்லச் சொல்ல, நாங்களும் ஆமாம் போட்டோம். உன் ஏளனத்தின் மேல் எங்களுக்கு அத்தனை மரியாதை.

இந்த நேரத்தில்தான் உன் மருமகனுக்கு ஞானம் பிறந்தது. பேங்கில் வவுச்சர் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் போனில் வீடியோ. காரைப் பிரித்துப் போட்டு, உள்ளே தகடு ஒட்டி, விமானம் மாதிரி ஆக்கிவிட்டேன் என்று எவனோ பீற்றிக்கொள்ளும் வீடியோக்கள். சத்தத்தை அளக்க ஒரு ஆப் வேறு இறக்கிவைத்துக்கொண்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்களை உன் வண்டியில் உட்காரவைத்து, போனை நீட்டி, "பாத்தீங்களா, எம்புட்டு சத்தம்!" என்று காட்டுவார். காபி குடிக்க வந்தவர்கள் பாவம், தலையாட்டினார்கள்.

நீ வேண்டாம் என்றாய். ஒரு தடவை இல்லை, கேட்ட ஒவ்வொரு தடவையும். "ஓடுற வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும். இருந்தது இருந்தபடி இருக்கட்டும் மாப்பிள்ளை" என்றாய். அவர் கேட்கவில்லை. உன் பிறந்த நாளுக்கு இன்ப அதிர்ச்சியாம். நீ சித்தி வீட்டில் இருந்தபோது வண்டியைச் செல்லூருக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்; கூடப் போன பாவம் எனக்கு. அந்தச் சந்தில் இரண்டு பக்கமும் விசைத்தறி தடதடவென்று ஓடுகிறது. நடுவில் சத்தத்தைக் குறைக்கிற கடை! கடைக்காரர் தொண்டை கிழியக் கத்தித்தான் அமைதியைப் பற்றி விளக்கினார். "அண்ணே, கதவத் தட்டுங்க. டங்குன்னா அது தகரம். தொப்புன்னாத்தான் அது காரு!" டோர் பேடைக் கழற்றி, சீட்டைத் தூக்கி, தரை மேட்டிங்கை உரித்து, தகரம் தெரிந்த இடமெல்லாம் கறுப்புத் தகட்டை ஒட்டி உருளையால் தேய்த்தார்கள். நல்ல டயர் மாற்றினாலே பாதிச் சத்தம் போய்விடும் என்று கடைக்காரரே சொன்னார். உன் மருமகன் அதைக் காதில் வாங்கவில்லை. டயர் மாற்றுவதில் தன் மேதைமையைக் காட்ட இடம் ஏது?

நீ திரும்பி வந்ததும் கதவைத் திறந்து, மூடி, "தொப்பு கேட்டுச்சா அத்தை?" என்றார். நீ அவர் கையைப் பார்த்தாய், கதவைப் பார்த்தாய். "வண்டிக்குப் போர்வ போத்திருக்கீங்களாக்கும். அதுக்கென்ன காய்ச்சலா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய். கோபம் என்று நினைத்தேன். பயம் என்று அப்போது எனக்குப் படவில்லை.

அடுத்த வாரம் நம் வீட்டுக்கு வந்திருந்த சித்தியை டி. கல்லுப்பட்டியில் கொண்டுபோய் விடக் கிளம்பினோம். நீ ஓட்டினாய். உன் பக்கத்தில் உன் மருமகன், பின்னால் நானும் சித்தியும். வண்டி அமைதியாகத்தான் இருந்தது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். சித்தி மிட்டாய்த் தாளைப் பிரிப்பதுகூடக் கேட்டது.

"அத்தை, இப்ப எப்படி இருக்கு?" என்றார் உன் மருமகன், சாதாரணக் குரலில்.

நீ ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாய்.

"வித்தியாசம் தெரியுதா அத்தை?"

மூன்றாவது தடவை கேட்டுவிட்டு அவர் எங்கள் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பூமி உருண்டை என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தவர் மாதிரி ஒரு பெருமை. "இவங்களுக்குக் காதே கேக்கல! சத்தம் சத்தம்னு இம்புட்டு நாளும் நம்மள ஏமாத்திருக்காங்க. இனிமே ஓட்ட விடக் கூடாது. சாவிய வாங்கி வச்சிரணும்."

உன் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. "ஏங்க, அவங்கள வச்சுக்கிட்டே பேசுறீங்களே" என்றேன். "அதான் கேக்காதுல்ல" என்றார். இத்தனை வருடக் குடித்தனத்தில் எத்தனையோ பேசியிருக்கிறார், அத்தனையும் மறந்துபோகும். இந்த ஒரு வார்த்தைக்காக இன்றும் அவரைக் கண்டால் எனக்கு ஆகவில்லை.

சித்தி சும்மா இருந்தாளா? "ஆமாப்பா, அக்காட்ட கேட்டா தர மாட்டா. வண்டி ரிப்பேர்னு சொல்லி எங்கிட்டாச்சும் கொண்டுபோயி விட்ருங்க. வயசாயிருச்சு, கொஞ்ச நாள்ல மறந்துருவா."

நீ இண்டிகேட்டர் போட்டாய். திருமங்கலம் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, சாவியை உருவிக்கொண்டாய்.

"எதுவா இருந்தாலும் எறங்கிப் பேசிக்கலாம்னு சொல்லிருக்கேன்ல. எறங்குங்க மூணு பேரும்."

லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போக, நாங்கள் வரிசையாக நின்றோம். முதலில் சித்தியைப் பிடித்தாய். "கடைசி பெஞ்சுல எவ எவ என்ன பேசுறான்னு வாயப் பாத்தே பிடிச்சவ நான். கண்ணாடில உன் வாயி தெரியாதா எனக்கு? மறந்துருவேனாக்கும்?" சித்தி முந்தானையைச் சரிசெய்தாள். பிறகு உள்ளங்கையில் சாவியை வைத்து உன் மருமகனிடம் நீட்டினாய். "சாவிதான மாப்பிள்ளை வேணும்? இந்தா இருக்கு. என் மூஞ்சியப் பாத்துக் கேளுங்க, தாரேன்."

அவர் தன் செருப்பைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். "அதுக்கில்ல அத்தை, வெயிலா இருக்கு, ஏறுங்க" என்று அப்போதுதான் முதன்முதலாக உனக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். நீ கையை நீட்டியபடியே "அம்புட்டுத்தானா?" என்றாய். பிறகு ஏறி, எங்களையும் ஏற்றிக்கொண்டு ஓட்டினாய். கல்லுப்பட்டி வரும்வரை ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை. உன் மருமகன் ஆசைப்பட்ட அமைதி அன்றைக்குத்தான் அவருக்குக் கிடைத்தது.

முகம் பார்த்துக் கேட்கத் துப்பில்லாதவர் என்ன செய்வார்? பேட்டரி வயரைக் கழற்றிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ சர்ச்சுக்குக் கிளம்பிச் சாவியைத் திருகினால் வண்டி செத்துக் கிடக்கிறது. அவர் பேப்பரும் கையுமாக வெளியே வந்து, வாயை அகல அகலத் திறந்து, "பேட்டரி போயிருச்சுபோல அத்தை, புதுசு வர நாளாகும்" என்றார். நீ இறங்கி பானெட்டைத் தூக்கிப் பார்த்தாய். "வயரு கழண்டு கெடக்கு மாப்பிள்ளை. கழட்டத் தெரிஞ்சவருக்கு மாட்டவும் தெரியும்ல?" அவர் பேப்பரைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து மாட்டினார். நான் அடுப்படி ஜன்னலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஆனால் அன்று சாயங்காலம் நீ சிரிக்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாய். "காது போச்சுன்னு எனக்குத் தெரியாதா பாப்பா? அப்பா இருக்கப்பவே கொஞ்சங் கொஞ்சமாப் போச்சு. சொன்னா மொதல்ல சாவியத்தான் கேப்பீங்க. அதுக்கப்பறம் என்னய எங்கிட்டாச்சும் கூட்டிட்டுப் போகணும்னா, யாரு போறதுன்னு நீங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்பீங்க. அந்தப் பார்வையப் பாக்க எனக்கு இஷ்டமில்ல." நான் அழுதுவிட்டேன். நீ கீரைத் தண்டை எடுத்து என் மடியில் போட்டு, "அழுதது போதும், இத ஆயி" என்றாய்.

மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் காது டாக்டரிடம் போய் மெஷின் வாங்கி மாட்டிக்கொண்டு வந்து நின்றாய். அந்த வாரமே ஒரு கல்யாணத்துக்கு எல்லோரும் உன் வண்டியில் போனோம். வழிநெடுக உன் மருமகன் ரியல் எஸ்டேட் பேசினார், சித்தி யார் வீட்டிலோ வாங்கிய ஃபிரிட்ஜைப் பற்றிப் பேசினாள், நான் வேலைக்காரம்மா வராததைப் புலம்பினேன். நீ ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு ஓட்டினாய். மண்டப வாசலில் நிறுத்தி, மெஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடினாய். "நானும் என்னமோ ஏதோன்னு கவலப்பட்டுக்கிட்டு இருந்தேன். பெருசா ஒண்ணும் விட்டுப்போகல" என்றாய். அதற்குப் பிறகு உனக்கு ஒரு சட்டம். தனியாகப் போகும்போது ஹாரன் கேட்க வேண்டும், மெஷின் உண்டு. நாங்கள் ஏறினால் மெஷின் கிடையாது. ஹாரனை நாங்கள் கேட்டுச் சொல்ல வேண்டும்.

சிறுநீரகம் கெட்டபோதும் ஆஸ்பத்திரிக்கு நீயேதான் ஓட்டிக்கொண்டு போய்ப் படுத்தாய். அங்கே பார்க்க வந்த கூட்டத்தை நினைத்தால் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆரஞ்சுப் பழப் பையோடு கட்டில் பக்கத்தில் நின்று, "இன்னும் எம்புட்டு நாளைக்காம்?" "வீட்ட யாரு பேருக்கு எழுதிருக்காங்க?" என்று உன் முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். டீச்சருக்குத்தான் காது கேக்காதே! நீ கண்ணை மூடிக்கொண்டாய். வாயைப் பார்த்துக் கேட்கிறவளுக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேறு வழி இல்லை.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று டாக்டர் சொன்ன அன்று, வண்டிக்குப் பக்கத்தில் உன் மருமகன் கையை நீட்டிக்கொண்டு நின்றார். நீ கைப்பையைத் துழாவிச் சாவியை எடுத்து, அவர் கையைத் தாண்டி என் கையில் வைத்தாய்.

"இந்தா பாப்பா. நீ ஓட்டு."

அவர் தன் பைக்கில் பின்னால் வந்தார். நாம் இரண்டு பேர் மட்டும். நீ மெஷின் போட்டுக்கொள்ளவில்லை. காளவாசல் தாண்டும்வரை நான் பேசவில்லை, பேசினால் அழுகை வந்துவிடும்.

"ஏன் உம்முன்னு வார? பேசு" என்றாய்.

"உனக்குக் கேக்காதேம்மா" என்று உன் பக்கம் திரும்பிச் சொன்னேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டு. கேக்கலன்னா என்ன? பேசு."

பேசினேன். உன் மருமகனைத் திட்டினேன், சித்தியைத் திட்டினேன், ஆரஞ்சுப் பழக்காரர்களைத் திட்டினேன். ஒருத்தரிடமும் சொல்லாமல் அத்தனை வருடம் தனியாக இருந்தாயே என்று உன்னையும் திட்டினேன். நீ போய்விட்டால் எனக்குப் பயமாக இருக்கும் என்று சொன்னேன். நாகமலை புதுக்கோட்டை வரும்வரை நீ என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாய். பக்கவாட்டில் என்ன தெரிந்ததோ, எனக்குத் தெரியாது.

இப்போது வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். தனியாகப் போகும்போதெல்லாம் வீட்டிலிருந்து நான் வேலை பார்க்கும் காலேஜ் கேட் வரை பேசிக்கொண்டுதான் போகிறேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் என்னைப் பைத்தியம் என்று பார்க்கிறான், பார்த்துவிட்டுப் போகட்டும். வெளியே ஒரு சத்தம் போகாது, உன் மருமகன் அப்படி ஒட்டி வைத்திருக்கிறார். உனக்கும் கேட்காது என்று தெரியும் அம்மா. கேட்காவிட்டாலும் பேசு என்று சொன்னது நீதானே.