துடைத்துவிட்டு மூடிய கட்டம்

தம்பி,

இன்று காலை உன் கடை பிரின்டரிலிருந்து வந்த தாளைக் கையில் வாங்கினேன். சூடாக இருந்தது. அந்த மை வாடை மூக்கில் ஏறியதும், நீ நாற்காலியோடு திரும்பி, "இந்தாக்கா, சுடச்சுட" என்பாய் என்று ஒரு நொடி நின்றுவிட்டேன். நீட்டியது உன் மகள். அவளுக்கு வரன் பார்க்கிறோம். நீ செய்துவைத்த அதே பக்கத்தில்தான் பதிந்தோம். தாளில் உன் பேருக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளையைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

உன் கடை முதலில் எஸ்.டி.டி. பூத்தாக இருந்தது. நம் நெசவுத் தெருவுக்கே அதுதான் போன். வந்தவாசியில் கட்டிக்கொடுத்த என் பெரியவளின் செய்தியும் அதில்தான் வந்தது. பூத்தைத் திறந்தபடியே போட்டுவிட்டு, கொதிக்கிற தார் ரோட்டில் செருப்பில்லாமல் ஓடிவந்தாய். பட்டறையில் தறிப் பாவுக்கு முன்னால் நின்றிருந்தேன். "இன்னாடா இப்படி ஓடியாறே?" என்றேன். "முதல்ல உட்காருக்கா" என்றாய். உட்கார்ந்த பிறகுதான் சொன்னாய், ஸ்டவ் வெடித்துவிட்டதாகச் சொல்கிறார்கள் என்று. சொல்கிறார்கள் என்றுதான் சொன்னாய், வெடித்தது என்று சொல்லவில்லை. அதற்காகவே உன்னை மறக்கமாட்டேன்.

நான் அதை அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. வழக்கு நிற்கவில்லை. அவள் புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தவாசியில் சௌக்கியமாகவே இருக்கிறான். அவன் பேரை அதற்குப் பிறகு என் வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

சில வருஷம் கழித்துப் பூத் பிரௌசிங் சென்டர் ஆயிற்று. நம் நெசவாளர் சங்கத்துக்காக வரன் பதிகிற பக்கம் ஒன்றை நீயே எழுதினாய். ஜாவாஸ்கிரிப்ட் என்று ஒரு பேர் சொன்னாய். என் இளையவளுக்குப் பதிய வந்தபோது, புது ஜரிகை பிரித்துக் காட்டுகிற வியாபாரி மாதிரி காட்டினாய். "உடன்பிறந்தவர் எத்தனை" என்ற இடத்தில் இரண்டு என்று அடித்தால், அதுவரை இல்லாத இரண்டு வரிசை அப்போதுதான் முளைத்தது. திருமணம் ஆனதா என்பதற்கு ஆமாம் என்றால் துணையின் பேருக்கு ஒரு கட்டம் திறந்தது, இல்லை என்றால் மூடிக்கொண்டது.

"கேட்டா தொறக்கும், வேணாம்னா மூடிக்கும். நம்ம ஊரு சம்பந்தி மாதிரி இல்லக்கா" என்று சிரித்தாய்.

தரகர் கூட வந்திருந்தார். "பெரியவளைப் போட வேணாம்மா. ஒரு அண்ணன்னு மட்டும் போடு. செத்த கதை தெரிஞ்சா பையன் வீட்டுக்காரங்க ஜல்தியா எழுந்து பூடுவாங்க" என்றார்.

"நான் பெத்தது மூணு. மூணும் அதுல நிக்கணும்" என்றேன்.

நீ பெரியவளுக்கு வரிசை திறந்தாய். திருமணம் ஆனது என்றதும் கட்டம் திறந்தது. அவள் புருஷன் பேர் உனக்குத் தெரிந்ததுதானே, கை போக்கில் அடித்துவிட்டாய். "எடுடா அதை" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைப் பையன்கள் திரும்பினார்கள். திறந்த கட்டத்தை வெறுமையாக விட்டால் பக்கம் பதியாது. இல்லை என்பதைத் தொட்டால் கட்டம் மூடும். ஆனால் என் மகள் கல்யாணம் ஆகாதவள் என்று ஆகிவிடும். அந்தப் பொய்யும் எனக்கு வேண்டாம். தலையைச் சொறிந்துகொண்டு, "ரெண்டு நாள் குடுக்கா" என்றாய்.

மறுபடி வந்தபோது "காலமானவர்" என்று ஒன்றைச் சேர்த்திருந்தாய். பதிந்ததைத் திறந்து, பெரியவள் வரிசையில் அதைத் தொட்டாய். அவள் கட்டங்கள் அப்படியே இருந்தன. மேல் வரிசையில் என் மகனின் வேலை, மனைவி, ஊர் எல்லாம் மறைந்து, வெறும் பேர் மட்டும் நின்றது.

"அடப்பாவி, இருக்கிற புள்ளைய ஏண்டா மூடினே!" என்று மார்பில் அடித்துக்கொண்டேன்.

உன் முகம் செத்துவிட்டது. "எல்லா வரிசையிலயும் கட்டத்துக்கு ஒரே பேரு வெச்சிட்டேன்க்கா. எங்க தொட்டாலும் முதல்ல இருக்கிறதைத்தான் புடிக்குது" என்றாய். வரிசைக்கு ஒரு நம்பர் என்று தனித்தனியாகப் பேர் வைத்துச் சரிசெய்தாய். அதன்பின் தொட்டதும் பெரியவளின் வேலை, கணவன், ஊர் எல்லாம் மூடிக்கொண்டன. அவள் பேர் மட்டும் அங்கே நின்றது. அதை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நன்றாக இருந்தது.

பெரணமல்லூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். தரகர் பிரின்ட் எடுத்து அனுப்பிய தாளைப் பையனின் பெரியப்பா கையில் வைத்திருந்தார். "இவரு எங்களுக்குத் தெரிஞ்சவர் ஆச்சே, வந்தவாசிதானே?" என்று கேட்டார். தாளில் பெரியவள் பேருக்குப் பக்கத்தில் அவன் பேர். கட்டத்தை மூடியிருந்தாயே ஒழிய, முதல் நாள் அடித்தது உள்ளேயே இருந்து, வெளியே வந்துவிட்டது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார்கள். இளையவள் தாவணியை மாற்றாமல் தறிக்குழியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பெரியப்பாவை எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

நேராக உன்னிடம் வந்தேன். "மூடினது எப்படிடா வெளிய வந்துச்சு?"

"மூடினேன்க்கா, துடைக்கலை. கண்ணுக்குத்தான் மறையும். உள்ள இருக்கிறது அனுப்பறப்ப கூடவே பூடும்."

"அப்போ துடைச்சுட்டு மூடு. செத்தவங்க வரிசைல எதை மூடினாலும் துடைச்சுட்டுத்தான் மூடணும்."

"எல்லா வரிசைக்குமா? அப்பா, அம்மா வரிசைக்கும் அதே புரோகிராம் கோடுதான். தப்பா கை பட்டாலும் திரும்பி வராது. யோசிச்சு சொல்லுக்கா."

"யோசிச்சுட்டுத்தாண்டா வந்திருக்கேன்."

செய்தாய். இளையவளுக்கு வேறு நல்ல இடம் அமைந்தது. எனக்குப் பேரப்பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள்.

இன்று காலை உன் மகள் "தந்தை" வரிசையில் உன் பேரை அடித்தாள். தொழில் என்ற இடத்தில் பிரௌசிங் சென்டர் என்று அடித்தாள். பிறகு "காலமானவர்" என்பதைத் தொட்டாள். தொழில் கட்டம் மூடிக்கொண்டது. பதறிப்போய் மாற்றித் தொட்டாள். கட்டம் திறந்தது, உள்ளே ஒன்றுமில்லை. பிரின்ட் எடுத்தால் உன் பேர், பக்கத்தில் வெள்ளை.

"அத்தே, இது அப்பா எழுதினதுதானே? அப்பா வேலையையே துடைக்குதே" என்றாள்.

பெரணமல்லூர்க் கதையை அவளுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே நீ எழுதியிருந்ததைத் திறந்து பார்த்தாள். உன் மகள் அல்லவா, உடனே பிடித்துவிட்டாள். "இந்த ஒரு வரிதான் துடைக்குது அத்தே. எடுத்துடட்டுமா?"

"அது மேல கை வெக்காதே."

"அப்போ அப்பா?"

"தொழிலை மூடாம வுட முடியாதா உனக்கு? புருஷன் பேரை மட்டும் துடைச்சு மூடிக்கட்டும். செத்தவங்க செஞ்ச வேலை இன்னா பாவம் பண்ணுச்சு?"

"முடியும் அத்தே. சாயந்திரம் மாத்திடறேன்."

தாளைச் சேவூர்ப் பையன் வீட்டுக்குக் கொண்டுபோகிற தரகர் வெளியே வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை வாங்கி, உன் பேருக்குப் பக்கத்து வெள்ளையில் எழுதினேன்: கம்ப்யூட்டர் வேலை, சொந்தக் கடை.

"வேற பிரின்ட் எடுக்கலாம் அத்தே, கோணலா இருக்குது."

"இருக்கட்டும். கோணலா இருந்தா நின்னு படிப்பாங்க."

யோசித்துச் சொல் என்றாயே, இன்று கேட்டாலும் துடை என்றுதான் சொல்வேன், தம்பி. அந்த வன்மம் என்னோடுதான் எரியும். ஆனால் உன் வரிசையில் இனி எதுவும் மூடாது. சாயந்திரம் அவள் மாற்றியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

நீ வந்தவாசி பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்று, போன் முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தது. நானும் உன் வீட்டுக்குச் செருப்பில்லாமல்தான் வந்திருக்கிறேன், பிறகுதான் காலைப் பார்த்தேன். உன் மனைவி முறத்தோடு நின்றிருந்தாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் தெரியவில்லை. வாசலில் நின்றதும் வாய் தானாகத் திறந்தது.

"முதல்ல உட்காரும்மா" என்றேன்.